கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு வந்த கறுப்புத் திரை

கண்புரை ஆபரேஷன் என்றால் இப்போது யாரும் பெரிதாகப் பயப்படுவதில்லை. காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். "என்ன, லென்ஸ் வெச்சாச்சா?" என்று விசாரிப்பவர்களும் பல் பிடுங்கியதைக் கேட்பது போலத்தான் கேட்கிறார்கள். அந்தத் தைரியத்தில் நியாயம் உண்டு. 1949-ல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாக ஒருவர் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தபோது சக மருத்துவர்களே அவரை எதிர்த்தார்கள். இன்று மதுரையிலுள்ள ஆரோலேபில் குறைந்த விலையில் லென்ஸ் செய்து பல நாடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

ஆனாலும் ஆயிரம் பேரில் ஏதோ சிலருக்கு, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு, கண்ணின் பின்பக்கத்தில் பிரச்னை கிளம்புகிறது. திண்டுக்கல்லில் தையற்கடை வைத்திருக்கும் 58 வயது மாஸ்டர் ஒருவர் அந்தச் சிலரில் ஒருவர்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே அவருக்குக் கிட்டப்பார்வை. மைனஸ் ஒன்பது பவர். சோடாபுட்டி கண்ணாடியோடுதான் கல்யாணமே நடந்தது. வலது கண்ணில் புரை எடுத்ததும் அவருக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் கறுப்பு நூலையும் கருநீல நூலையும் பிரித்துப் பார்க்க முடிந்ததுதான். அதுவரை நூல்கண்டை வாசலுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று மாதம் நன்றாகப் போனது. நான்காவது மாதம், இரவில் விளக்கை அணைத்ததும் ஓரக்கண்ணில் பளிச் பளிச்சென்று வெளிச்சம். யாரோ பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிற மாதிரி. "விடிய விடிய மெஷின்ல உக்காந்தா அப்படித்தான் இருக்கும்" என்றார் மனைவி. ஆவணி முகூர்த்த நேரம். தைக்க வேண்டிய பிளவுஸ்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன.

அடுத்த நாள் கறுப்புக் கறுப்பாகப் பொட்டுகள் மிதந்தன. துணியில் நூல்பிசிறு ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தார், போகவில்லை. பக்கத்துக் கடைக்காரர் நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னார். அசந்த கண்ணுக்கு அது குளிர்ச்சியாக இருக்கலாம். இங்கே விஷயம் வேறு. மாஸ்டரே தனக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தார்: "கண்ணாடி பவர் மாறியிருக்கும். முகூர்த்தம் முடியட்டும், பாத்துக்கலாம்." வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை. பிறகு எதற்கு அவசரம்? விழித்திரைக்கு வலி தெரியாது என்பது பாதிப் பேருக்குத் தெரிவதில்லை.

நான்காம் நாள் காலை, மூக்குப் பக்கம் கீழேயிருந்து ஒரு நிழல் ஏறியிருந்தது. தட்டிலிருந்த இட்லியைக் காணோம், கிண்ணத்துச் சட்னி மட்டும் தெரிகிறது. மகள்தான் "இடது கண்ணை மூடிக்கிட்டு என்னைப் பாருங்கப்பா" என்றாள். "உன் முகம் தெரியுது. தாடைக்குக் கீழ ஒண்ணும் தெரியல" என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த நம்பருக்கு அவளே போன் செய்தாள். மறுமுனையில் இருந்தவர் கேட்டது இரண்டே கேள்வி. பிறகு, "இன்னைக்கே கிளம்பி வந்துடுங்க" என்றார். அடுத்த பஸ்ஸில் அப்பாவும் மகளும் மதுரைக்குப் போனார்கள்.

விழித்திரை கிழிந்து விலகியிருந்தது. டாக்டர் அவருக்குத் தையற்கடை பாஷையிலேயே சொன்னார்: "மேல்துணியிலேர்ந்து லைனிங் பிரிஞ்சு வர்ற மாதிரிதான் ஐயா." கண்ணுக்குள் ஜெல்லி போல ஒன்று நிரம்பியிருக்கிறது. தடித்த சொந்த லென்ஸை எடுத்துவிட்டு மெல்லிய லென்ஸ் வைக்கும்போது அந்த ஜெல்லிக்கு அசைய இடம் கிடைக்கிறது. அது சுருங்கி விழித்திரையை விட்டு விலகும்போது, பலவீனமான இடம் இருந்தால் பிய்த்துக்கொண்டு வரும். கிழிசல் வழியாக நீர் உள்ளே புகுந்து விழித்திரையைத் தூக்கிவிடும். கிட்டப்பார்வைக்காரர்களின் கண் நீளமானது, விழித்திரை ஓரத்தில் மெலிந்திருக்கும். அதனால் அவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். முதல் ஆபரேஷனில் தவறு நடந்தால்தான் இப்படி ஆகும் என்பதில்லை.

"நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கு" என்றார் டாக்டர். மேக்குலா எனப்படும் அந்த நடுப்புள்ளிதான் முகம் பார்ப்பதற்கும், எழுத்து படிப்பதற்கும், ஊசியில் நூல் கோப்பதற்கும். அது பிரிவதற்குள் ஒட்டவைத்தால் பார்வை பெரும்பாலும் தப்பிக்கும். பிரிந்த பிறகு ஒட்டவைத்தாலும் பழைய கூர்மை பலருக்குத் திரும்புவதில்லை. முகூர்த்தம் முடியட்டும் என்று இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால்? மகள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தே விட்டுவிட்டாள்.

நூறு வருடத்துக்கு முன்பு விழித்திரை பிரிந்தால் அநேகமாகப் பார்வை போனதுதான். கிழிசலை அடைத்தால் விழித்திரை ஒட்டும் என்று காட்டியவர் சுவிட்சர்லாந்தின் ஜூல் கோனன். கண்ணுக்குள் போய் அந்த ஜெல்லியையே வெட்டி எடுக்கும் கருவியை 1970-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தவர் ராபர்ட் மஹெமர். மாஸ்டருக்குச் செய்ததும் அந்தச் சிகிச்சைதான். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மூன்று துளைகள் போட்டு, ஜெல்லியை எடுத்து, உள்ளே புகுந்த நீரை வடித்து, கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து, கடைசியில் கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை நிரப்பினார்கள். லேசர் தழும்பு பிடிக்கும்வரை அந்தக் குமிழிதான் உள்ளேயிருந்து அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

அதற்காக ஒரு வாரம் தலையைக் குனிந்தே வைத்திருக்கச் சொன்னார்கள். "நாப்பது வருஷமா குனிஞ்சுதானே உக்காந்திருக்கேன்" என்று சிரித்தார் மாஸ்டர். கையில் துணி இல்லாமல் குனிந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இரண்டாம் நாளே தெரிந்துபோனது. இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. குமிழி கரையும்வரை விமானம் கூடாது, மலையும் கூடாது. உயரம் ஏறினால் வாயு விரிந்து கண்ணுக்குள் அழுத்தம் எகிறிவிடும். கொடைக்கானலில் மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மனைவி மட்டும் போய்வந்தார். மைத்துனருக்கு இன்னும் அதில் வருத்தம்.

மதுரையில் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பாட்டி. ஆபரேஷன் ஆகி ஆறு வாரம், நன்றாகத் தெரிந்த எழுத்து மங்கி, நேர்க்கோடு வளைகிறதாம். அவருக்கு மேக்குலாவில் நீர் கோத்த வீக்கம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே வற்றிவிடும். முதல் சில நாட்களிலேயே வலியும் சிவப்பும் வந்து பார்வை மங்கினால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம், அதற்கு ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போடக் கூடாது.

குமிழி இருந்தவரை மாஸ்டருக்கு வலது கண்ணில், பாட்டிலில் தண்ணீர் ஆடுவது போல ஒரு கோடு ஆடிக்கொண்டிருந்தது. வாரக்கணக்கில் அது இறங்க இறங்க மேலேயிருந்து பார்வை தெளிந்தது. அதற்கிடையே இடது கண்ணின் ஓரத்தையும் பார்த்த டாக்டர், மெலிந்திருந்த இரண்டு இடங்களுக்கு முன்னெச்சரிக்கையாக லேசர் வைத்துவிட்டார். அந்தக் கண்ணிலும் புரை முற்றிக்கொண்டு வருகிறது. தை முகூர்த்தத்துக்கு ஆர்டர் எடுக்காமல், அந்த மாதத்திலேயே ஆபரேஷனுக்கு நாள் கேட்டிருக்கிறார் மாஸ்டர்.