நாகாவ் கடலில் முதல் மிதவை

மும்பையில் குடியேறி வாழும் நம்மவர்க்கு ஞாயிற்றுக்கிழமை அரியதொரு செல்வம். ஆறு நாளும் மின்ரயிலில் நெருக்குண்டு அலுவலகம் சென்று மீளும் பெற்றோர்க்கும், அடுக்குமாடி வீட்டினுள் அடைபட்டிருக்கும் பிள்ளைகட்கும் ஒரு நாளேனும் கடற்காற்று வேண்டியிருக்கிறது. காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்ப எண்ணுவோர்க்கு அலிபாக்கும் அதனை அடுத்த நாகாவும் ஏற்ற இடங்களாம். அங்குச் சென்று வரும் நம் சங்கக் குடும்பங்களிடையே அண்மைக் காலமாக ஒரு வினா எழுகின்றது. விரைவுப் படகின் பின்னே கயிறு கட்டி இழுத்துச் செல்லும் காற்று மிதவைகள் அக்கரையில் பலவாக உள்ளன. முதன்முறை செல்லும் குடும்பம் அவற்றுள் எதில் ஏறுவது? வினா சிறிதுதான். ஆயினும் நீந்தத் தெரியாத பிள்ளைகளைக் கடலில் இறக்குவது பற்றியது ஆதலின், விடையை ஆர அமர எண்ணிப் பார்ப்பது நம் கடன்.

முதலில் வழியைச் சொல்லிவிடுவோம். கேட்வே ஆஃப் இந்தியாவில் படகேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மாண்டவாவை அடையலாம். காரோடு செல்ல விரும்புவோர் பாவ்ச்சா தக்காவிலிருந்து 2020ஆம் ஆண்டு முதல் ஓடும் ரோரோ கப்பலில் செல்லலாம். மாண்டவாவிலிருந்து அலிபாக் 20 கிலோமீட்டர் அளவில் உள்ளது. கேட்வேயில் நிற்கும் படகுகளுள் சிலவற்றைக் ‘கேட்டமரான்’ என்று அழைக்கின்றனர். அது நம் கட்டுமரம் என்ற சொல்லே அன்றி வேறன்று. அச்சொல்லை உலகிற்கு ஈந்த இனத்தார் நாம். ஆனால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வளரும் நம் பிள்ளைகளுள் நீந்தக் கற்றோர் எத்தனை பேர்?

அலிபாக்கின் எதிரே கடலுள் நிற்கும் குலாபா கோட்டை, சிவாஜி மன்னர் 1680இல் கட்டத் தொடங்கியது. பின்னாளில் கானோஜி ஆங்கரேயின் கடற்படைக்கு அரணாக விளங்கியது. நீர் வற்றிய வேளையில் கோட்டைக்கு நடந்தே போகலாம். நீர் ஏறிவிட்டாலோ படகின்றிப் போக இயலாது. இஃது ஒன்றே இக்கடலின் இயல்பை உணர்த்தப் போதும். காலையில் முழங்கால் அளவாக இருந்த இடம் மாலையில் ஆளை மூழ்கடிக்கும். ஆகவே நீர் ஏறும் நேரத்தையும் வற்றும் நேரத்தையும் கேட்டறிந்த பின்னரே கடலாட்டத்திற்கு நேரம் குறிக்க வேண்டும். மழைக்காலமான ஜூன் முதல் ஆகஸ்டு முடிய இக்கரையில் நீர்விளையாட்டுகளை நிறுத்திவிடுவது வழக்கம்.

அலிபாக்கிற்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் நாகாவ் உள்ளது. தென்னையும் கமுகும் செறிந்த தோட்டங்களினூடே சென்றால், சவுக்குத் தோப்பின் அப்பால் நீண்ட மணற்பரப்பு விரிகின்றது. அங்கே கால் வைத்தவுடன், “பனானா, பம்பர், ஜெட்ஸ்கீ!” என்று கூவிய வண்ணம் இளைஞர்கள் சூழ்ந்துகொள்வர். வாழைப்பழ வடிவில் நீண்டிருப்பது பனானா. குதிரைமேல் அமர்வது போல ஐவர் அறுவர் அதன்மேல் வரிசையாக அமர்வர். அகன்று உருண்ட மிதவைகளை எல்லாம் பொதுவாகப் பம்பர் என்பர். இவற்றுள்ளும் மூவகை உண்டு. தட்டையான மேற்பரப்பில் குப்புறப் படுத்துக் கைப்பிடியைப் பற்றிச் செல்வது ஒன்று. நடுவே குழிந்து, அக்குழியுள் ஆள் அமர்ந்துகொள்வது மற்றொன்று. முதுகைச் சாய்த்துக்கொள்ளச் சோபா போல அமைந்தது மூன்றாவது.

இவற்றுள் முதன்முறைக்கு ஏற்றவை குழிந்த மிதவையும் சோபா மிதவையுமே ஆகும். காரணம் எளிது. படகு நேரே செல்லும்போது மிதவையும் அமைதியாகப் பின்தொடர்கிறது. படகு வளையும்போதோ, கயிற்றின் நுனியில் உள்ள மிதவை வெளிவட்டத்தில் வீசப்படுகின்றது. படகினும் மிகுந்த வேகம் கொள்கின்றது. படகு கிளப்பிவிட்ட அலையின்மேல் ஏறிக் குதிக்கின்றது. அவ்வேளையில் உயரத்தில், பற்றுக்கோடின்றி அமர்ந்திருப்பவரே முதலில் விழுவர். குழியுள் அமர்ந்தவரை நாற்புறமும் மிதவையே அணைத்துக்கொள்ளும். தட்டை மிதவையில் படுத்திருப்பவரோ கைவலிமை ஒன்றையே நம்பியிருக்கிறார். எட்டு வயதுப் பிள்ளையின் கைக்கு அத்துணை வலிமை ஏது? பனானாவைப் பற்றியோ சொல்ல வேண்டுவதில்லை. சுற்று முடியும் தறுவாயில் ஏறியவரை எல்லாம் கடலில் கவிழ்த்துவிடுவதையே அதன் சுவையாகப் பலர் கருதுகின்றனர்.

இளைஞர்க்கு அது சுவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு காட்சியை இங்குக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. சென்ற ஜனவரியில் நாங்கள் சென்றிருந்தபோது, ஒரு குடும்பத்தார் ஐவர் பனானாவில் ஏறினர். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, “வேண்டாம் அப்பா” என்று இருமுறை சொன்னாள். “பணம் கட்டியாயிற்று கண்ணு, ஒன்றும் ஆகாது” என்று தந்தை அவளைத் தூக்கி வைத்தார். படகோட்டிய இளைஞர் கேளாமலேயே மிதவையைக் கவிழ்த்தார். காப்புச்சட்டை இருந்தமையால் எவர்க்கும் தீங்கு நேரவில்லை. அனைவரும் நலமே கரை சேர்ந்தனர். எனினும் அச்சிறுமி அன்று முழுவதும் நீரின் அருகே வரவில்லை. பாட்டி மணலில் அமர்ந்து, நனைந்த தலையைத் துவட்டி, மடியிலேயே வைத்திருந்தார். கடலைக் காணவென்று வந்த பிள்ளை கடலுக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தது. நீந்தக் கற்க வேண்டிய வயதில் நீரைக் கண்டு நடுங்கத் தொடங்கினால், அவ்வச்சம் எத்தனை ஆண்டு உடன் வருமோ!

அதே நாளில் வேறொரு குடும்பத்தையும் கண்டோம். அவர்தம் படகை ஓட்டியவர் கோளி இனத்து முதியவர். தாயையும் மகனையும் மட்டும் சோபா மிதவையில் அமர்த்தி, கரைக்கு இணையாக நேர்கோட்டில் மெல்ல இழுத்துச் சென்றார். திரும்பும்போது பெரிய வட்டமாகத் திரும்பினார். கரை சேர்ந்த சிறுவன், “இன்னும் ஒரு சுற்று!” என்று தாயின் கையைப் பற்றி இழுத்தான். கடல் ஒன்றே, கரையும் ஒன்றே. வேறுபட்டவை மிதவையும் வேகமும் ஓட்டியவரின் மனமுமே. ஆதலால், குடும்பத்துள் எவர் மிகவும் அஞ்சுகிறாரோ அவரை அளவாகக் கொண்டே முதல் மிதவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம் துணிபு. துணிந்தவர்க்கு இரண்டாம் சுற்று எப்போதும் உண்டு.

வேகத்திற்கும் அளவுண்டு. பெரியவர்க்கு மணிக்கு 32 கிலோமீட்டருக்கும், பிள்ளைகட்கு 24 கிலோமீட்டருக்கும் மேற்படக் கூடாது என்பது மிதவை செய்வோர் பொதுவாகக் கூறும் எச்சரிக்கை. முதற்சுற்றுக்கு அதிற் பாதியே போதும். ஓட்டுபவரிடம் ஏறுமுன்னரே “ஹளூ சாலவா” என்று மராத்தியில் சொல்லிவிடுங்கள். கவிழ்க்கக் கூடாது என்பதையும் தெளிவாக உரைத்துவிடுங்கள். அவர் சிரித்து மழுப்பினால், வேறு படகு பாருங்கள். நால்வர்க்கு உரிய மிதவையில் இருவர் ஏறுவதே நன்று. நெருங்கி அமர்ந்தால், துள்ளும்போது தலையோடு தலை மோதிக் காயம் உண்டாகும். மிதவை காற்று நிறைந்து இறுகியிருக்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். தொய்ந்த மிதவை நீரில் அமிழ்ந்து இழுபடும். கயிற்றுக்கும் பளு மிகும்.

காப்புச்சட்டை அணியாமல் எவரும் ஏறலாகாது. 2024 டிசம்பர் 18 அன்று மும்பைத் துறைமுகத்தில், எலிபெண்டாவுக்குச் சென்ற பயணப் படகின்மீது கடற்படையின் விரைவுப் படகு மோதி 15 பேர் உயிரிழந்த துயரத்தை நாம் மறப்பதற்கில்லை. நீரின்மேல் விபத்து சொல்லிக்கொண்டு வருவதில்லை. சட்டையின் கொக்கிகளை எல்லாம் மாட்டிய பின், தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது மோவாயைத் தாண்டி எழும்பினால் அளவு பெரிது. மாற்றித் தரக் கேளுங்கள். பெரியவரின் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டித் தருவதை ஏற்காதீர்கள். புடவைத் தலைப்பு, துப்பட்டா, சங்கிலி, மூக்குக் கண்ணாடி ஆகியவை கரையிலேயே இருக்கட்டும். கருவுற்றோரும், முதுகுவலியோ இதய நோயோ உடையோரும் மணலில் அமர்ந்து கண்டு களிப்பதே அறிவுடைமை.

படகில் ஓட்டுபவர் ஒருவர் மட்டும் இருந்தால் போதாது. அவர் முன்னே பார்க்க வேண்டியவர். மிதவையைப் பார்த்துக்கொண்டே வர மற்றொருவர் வேண்டும். நம் குடும்பத்தாருள் ஒருவரையே அப்பணிக்கு அமர்த்தலாம். இரைச்சலில் குரல் கேளாது, கைக்குறியே மொழி. கட்டைவிரலை உயர்த்தினால் விரைவு, தாழ்த்தினால் மெதுவு, கழுத்தின் குறுக்கே கையை வீசினால் நிறுத்து. இவற்றைக் கரையிலேயே பிள்ளைகட்குப் பழக்கிவிடுங்கள். எவரேனும் விழுந்தால், படகு அவரை அணுகியவுடன் எஞ்சினை முற்றிலும் நிறுத்த வேண்டும். சுழலும் விசிறியினும் கொடியது நீருள் வேறில்லை.

சொந்தமாக மிதவை வாங்கும் எண்ணம் கொண்ட அன்பர்கள் கயிற்றை மறந்துவிடக் கூடாது. அமெரிக்க நீர்விளையாட்டுத் தொழிலினர் வகுத்த அளவின்படி, ஒருவர் ஏறும் மிதவைக்குக் குறைந்தது 680 கிலோ இழுவிசையைத் தாங்கும் கயிறு வேண்டும். இருவர்க்கு ஏறத்தாழ 1,080 கிலோ. நால்வர்க்கு ஏறத்தாழ 1,860 கிலோ. நீளம் 15 மீட்டருக்குக் குறையாமலும் 20 மீட்டருக்கு மிகாமலும் இருத்தல் நலம். அறுந்த கயிறு சவுக்கைப் போலத் திரும்பி வந்து படகில் இருப்பவரைத் தாக்கும். மாடிக் கொடிக்கு வாங்கிய நைலான் கயிறு இதற்கு உதவாது.

இத்துணையும் படித்த பின், ‘ஒரு கால் மணி நேர விளையாட்டுக்கு இவ்வளவா?’ என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். ஊரில் உள்ள தாத்தா பாட்டிமார் நம்மை நம்பிப் பேரப்பிள்ளைகளை இந்நகருக்கு அனுப்பியிருக்கின்றனர். பிள்ளை ‘வேண்டாம்’ என்று சொன்னால், கட்டிய பணம் போனாலும் போகட்டும். கையைப் பற்றிக் கரையோரம் நடந்து கிளிஞ்சல் பொறுக்குங்கள். ‘ஏறுகிறேன்’ என்று சொன்னால், தாழ்ந்த மிதவையில், மெதுவான படகில், உடன் ஒரு பெரியவரோடு ஏற்றுங்கள். அடுத்த குளிர்காலத்தில் அப்பிள்ளையே நமக்கு முன் ஓடிச் சென்று காப்புச்சட்டை கேட்கும்.