கவர்ல கை வைக்காதீங்க!

ராயபுரம் ஸ்டேஷன் தெரியும்ல? 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம். அதுக்குத் தெற்கே இருக்கிற துறைமுகம், 1860-ல் கிடையவே கிடையாது பாஸ்! நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்ம ஆட்கள், மசூலா படகில் அலை தாண்டித்தான் 'ட்ரூரோ' கப்பல் ஏறணும். அஞ்சு வாரம் கழிச்சு, நவம்பர் 16-ல் டர்பன்.

நேட்டாலுக்கு 1857-லேயே தனி ஸ்டாம்ப் வந்தாச்சு. விக்டோரியா ராணி படம் போட்ட ஸ்டாம்ப் மட்டும்னா காசு கொடுத்தா கிடைச்சிடும். மெட்ராஸுக்கு வந்த கவர்தான் அபூர்வம். அப்படி ஒண்ணு மாட்டினா, தண்ணியில ஊறவெச்சு ஸ்டாம்பை உரிக்கிற வேலையெல்லாம் வேணாம். (நிறைய பேர் அதைத்தான் செய்றாங்க, கொடுமை!) கவரைத் திருப்புங்க. பின்பக்கம் மெட்ராஸ் முத்திரை இருந்தா, முன்பக்கத்து நேட்டால் தேதியிலிருந்து நாளை எண்ணுங்க. வீட்டில் எத்தனை நாள் காத்திருந்தாங்கன்னு அதுலயே இருக்கு.