பவானிபூர் குறிப்புகள்

கொல்கத்தாவில் மெத்தடிஸ்ட் ஆலயம் தேடுகிறவர்கள் தர்மதலாவுக்குப் போக வேண்டும். 1874-இல் நகரத்துக்கு வந்த ஜேம்ஸ் தோபர்னின் பெயரில் அங்கே ஒன்று இருக்கிறது. பவானிபூரில், அசுதோஷ் முகர்ஜி சாலையில் இருப்பது காங்கிரிகேஷனல் சபை. லண்டன் மிஷன் வழி வந்தது. நாகர்கோவில்காரர்களிடம் எல்.எம்.எஸ். என்று சொன்னாலே போதும். 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே அந்த மிஷனைச் சேர்ந்தவர்தான்.

*

இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984 அக்டோபர் 24-இல் எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே ஓடியது. 3.4 கிலோமீட்டர். பவானிபூர் நிலையத்துக்கு இப்போது நேதாஜி பவன் என்று பெயர். வெளியூர்க்காரர்கள் நேதாஜி வீட்டைப் பார்த்துவிட்டு, லண்டன் மிஷன் ஆலயத்தின் பக்கம் போகாமலே அடுத்த வண்டியில் ஏறிவிடுகிறார்கள்.

*

பவானிபூர் மிஷனில் ஊழியம் செய்த அல்போன்ஸ் லாக்ரோவா சுவிட்சர்லாந்துக்காரர். 1821-இல் டச்சுக்காரர்களின் சின்சுராவுக்கு வந்து, ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறிய பிறகு 1827-இல் லண்டன் மிஷனில் சேர்ந்தவர். வங்காளியில் சரளமாகப் பிரசங்கம் செய்வார் என்று பெயர். ஆனால் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் குடியிருந்த பவானிபூரில் ஞானஸ்நானம் பெற முன்வந்தவர்கள் கொஞ்சம். மிஷன் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள்தான் அதிகம். படிப்பு வேண்டும், மதம் வேண்டாம். நம் ஊரிலும் போடப்பட்ட கணக்குதான். அந்தப் பள்ளியிலிருந்து 1886-இல் என்ட்ரன்ஸ் தேறிய பிரம்ம சமாஜக் குடும்பத்துப் பையன் ஒருவன் பின்னாளில் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் ஆனான்.

*

1970 நவம்பர் 29-இல் வட இந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், பாப்டிஸ்ட் என்று ஆறு சபைகள் ஒன்றாயின. காங்கிரிகேஷனல்காரர்களும் பிரிட்டிஷ் வழி மெத்தடிஸ்டுகளும் அதில் உண்டு. தோபர்ன் வழி வந்த அமெரிக்க மெத்தடிஸ்டுகள் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார்கள். தெற்கே 1947-லேயே தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆகிவிட்ட நமக்கு இந்தப் பிணக்கு கொஞ்சம் விநோதமாகத்தான் படும்.

*

லாக்ரோவாவின் மகள் ஹன்னா. 1826-இல் கல்கத்தாவில் பிறந்தவள். பன்னிரண்டு வயதிலேயே பவானிபூர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வங்காளி சொல்லிக்கொடுத்தாள். ஜோசப் முல்லன்ஸ் என்ற மிஷனரியை மணந்தாள். அவள் ஒரு செருப்புக்குப் பூவேலை செய்துகொண்டிருந்ததைப் பார்த்த வங்காளக் கனவான் ஒருவர், தன் மனைவிக்கும் இது தெரிந்தால் நன்றாயிருக்குமே என்றாராம். நான் வந்து சொல்லித்தருகிறேன் என்றாள். தையல் ஊசியைப் பிடித்துக்கொண்டே அந்தப்புரத்துக்குள் எழுத்து நுழைந்தது. அவளுடைய தகப்பனாரின் பிரசங்கம் திறக்காத கதவு இது.

*

1852-இல் ஹன்னா எழுதியது 'ஃபுல்மணி ஓ கருணார் விவரண்'. முதல் வங்க நாவலாகக் கொண்டாடப்படும் பங்கிம் சந்திரரின் 'துர்கேசநந்தினி' வருவதற்குப் பதின்மூன்று வருஷம் முன்பு. வீட்டைத் துப்புரவாக வைத்துப் பூச்செடி வளர்க்கும் ஃபுல்மணி ஒரு பக்கம். குடிகாரப் புருஷனோடு மல்லுக்கட்டும் கருணா இன்னொரு பக்கம். இருவருமே ஏழை வங்காளிக் கிறிஸ்தவப் பெண்கள். 1858-இல் மலையாளத்துக்கே போய்விட்டது இந்தக் கதை.

*

ஹன்னாவின் புத்தகம் நாவல் இல்லை, ஆங்கிலக் கதையைத் தழுவிய மதப் பிரசுரம் என்று ஒதுக்குகிறார்கள். தழுவல் உண்மை, உபதேசமும் பக்கத்துக்குப் பக்கம் உண்டு. 1879-இல் வந்த நம் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் மட்டும் உபதேசத்துக்குப் பஞ்சமா? அதை முதல் தமிழ் நாவல் என்று ஒப்புக்கொள்கிறோம். ராஜகுமாரியையும் ஜமீன்தாரையும் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு ஏழைப் பெண்ணின் சண்டையையும் சமையலையும் கதையாக்கியவளை வங்க நாவல் வரலாற்றின் அடிக்குறிப்பில் தள்ளிவைப்பது நியாயமில்லை.