வாசலுக்கு வரும் மருத்துவம்

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பர் நம் முன்னோர். நோய் தடுக்கும் பணிக்கும் இது பொருந்தும் அன்றோ!

நாம் வாழும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் 'ஷிப்டு'தான் கடிகாரம். நம் பெற்றோரில் பலர் இரவில் உழைத்துப் பகலில் உறங்குகின்றனர். காலையில் ஆரம்ப சுகாதார நிலையம் சென்று வரிசையில் நிற்க அவர்களால் இயல்வதில்லை. இரத்தக் கொதிப்போ வலி காட்டாத நோய். மாத்திரையை நிறுத்தினாலும் உடனே தெரியாது. ஒருநாள் பக்கவாதமாக வந்து நிற்கும்.

இக்குறையைப் போக்கவே 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பெற்றது. மருந்தையும் மருத்துவரையும் அரசு தருகிறது. மாத்திரையை வீடுவரை கொண்டு சேர்ப்பவரோ, அவ்வூர் மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர். தமிழகத்தில் இக்குழுக்கள் 1989-இல் முளைவிட்டது அன்றைய தருமபுரி மாவட்டத்தில். கிருஷ்ணகிரி அப்போது அதில் அடங்கியிருந்தது. பணம் சேமிக்கக் கூடிய பெண்கள் இன்று ஊரின் நலத்தையும் காக்கின்றனர்!

எவருக்கு இரவு வேலை, எந்தப் பாட்டி தனியே இருக்கிறார் என்பதெல்லாம் ஊர்ப் பெண்ணுக்கே தெரியும். ஆயினும் அவர் பெறுவது சம்பளமன்று, ஊக்கத்தொகையே. 'தன்னார்வலர்' என்ற பெயர் அவர் உழைப்பைக் குறைத்துவிடலாகாது.

தோழியரே! அவர் வரும்போது, "அப்பா தூங்குகிறார்" என்று திருப்பி அனுப்பாதிருப்போம். அமரச் செய்து, தண்ணீர் கொடுத்து, மாத்திரையை வாங்கி வைப்போம். அப்பா எழுந்ததும் நினைவூட்டுவது நம் கடமை.