விட்ட மீன்

"பிடிச்ச மீன விட்டுட்டு வந்தியா? எவன்டா விடச் சொன்னான்?"

அம்மா கேட்டது இதுதான். ஏன் விட்டாய் என்று கேட்கவில்லை. எவன் விடச் சொன்னான் என்றுதான் கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருசம் சித்திரையில் எங்க தெருப் பையன் ஒருத்தன் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்தான். கம்ப்யூட்டர் வேலை. எனக்கு மச்சான் முறை. கையில் ஒரு தூண்டில் கம்பு, சுத்துற சக்கரம் வைத்தது. "வாங்க மாமா, ஆத்துக்குப் போவோம்" என்று கூப்பிட்டான். உத்தமபாளையத்துக்குக் கீழே முல்லையாறு கொஞ்சம் தேங்கி நிற்கிற இடம். மண்புழு கோர்த்துப் போட்டோம். அரை மணி நேரத்தில் ஒரு கெண்டை. ஒரு கிலோ தேறும். எனக்கு வாயெல்லாம் புளிக்குழம்பு. அவன் கையைத் தண்ணியில் நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்தான், குறடால் முள்ளைக் கழற்றினான், போட்டோ எடுத்தான், தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துப் பிடித்திருந்தான். கொஞ்ச நேரத்தில் அது வாலை அடித்துக்கொண்டு போய்விட்டது. "அவ்வளவுதானா?" என்றேன். "அவ்வளவுதான் மாமா" என்றான்.

அடுத்த மீன் எனக்கு விழுந்தது. நானும் விட்டேன். ஏன் விட்டேன் என்று அப்போது யோசிக்கவில்லை. அது கையை விட்டு நழுவிப்போன நொடியில் ஒரு சந்தோசம் வந்தது உண்மை. அதை மறைக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அப்படிக் கேட்டாள்.

எனக்கு எட்டு ஒன்பது வயசிருக்கும். ஊர்க் கண்மாய் மீனை வருசா வருசம் ஏலம் விடுவார்கள். எங்க தெருக்காரர் யாரும் ஏலம் கேட்க முடியாது. கேட்கக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். எடுத்தவர் மீன் அழிக்கிறபோது சேற்றில் இறங்கி வலை இழுப்பது மட்டும் எங்க ஆளுக. கூலி உண்டு. மீன் கிடையாது. கரையில் ஒதுங்குகிற சிறுசைப் பொறுக்கிக்கொள்ளலாம், அதுவும் அவர் மனசு வைத்தால்.

ஒருநாள் மடைக்குக் கீழே வாய்க்காலில் அப்பத்தா சேலை முந்தியை விரித்து அயிரை பிடித்தாள். நானும் கூட இருந்தேன். மண்சட்டியில் முக்கால் சட்டி. காவல்காரன் வந்தான். வாய்க்கால் தண்ணியும் கண்மாய்த் தண்ணிதானாம், அதனால் மீனும் குத்தகைக்காரருடையதாம். "கொண்டாந்த எடத்துலயே கொட்டு" என்றான். பின்னாலேயே ஆள் சேர்ந்துவிட்டது. அப்பத்தா தொடையளவு தண்ணியில் இறங்கினாள். சட்டியைச் சாய்த்தாள். பாதி அயிரை செத்து ஒரு நாழிகை ஆகியிருந்தது. வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்து போயின. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். செத்த மீனை உயிரோடு இருப்பது மாதிரித் தண்ணிக்குள் விடச் சொன்னதில் அவர்களுக்கு என்ன லாபம்? மறுநாள் காக்காய் தின்றது. அப்பத்தா சாகிற வரைக்கும் அயிரைக் குழம்பு வைக்கவில்லை.

எங்க குடும்பத்தில் மீனை 'விட்ட' முதல் ஆள் அவள்தான்.

கண்மாய் மீன் சின்ன விசயம் என்று நினைக்கிறவர்கள் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தலை நினைத்துப் பார்க்கலாம். 1996-ல் நம்ம ஆட்களுக்கு ஒதுக்கிய தலைவர் நாற்காலியில் 2006 வரைக்கும் ஒருத்தர் நிம்மதியாக உட்கார முடியவில்லை. ஊர்ப் பொதுவில் இருக்கிற தண்ணி, மீன், மரம் எல்லாம் யார் கையெழுத்தில் போகும் என்கிற பயமும் அதில் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். 1927-ல் மகாடு குளத்தில் அம்பேத்கர் அள்ளிக் குடித்தது வெறும் தண்ணியா என்ன.

மச்சானிடம் இதைச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. காவிரிக் கதையைச் சொன்னான். பிறகு நானும் தேடிப் படித்தேன்.

கர்நாடகத்தில் பீமேஸ்வரி, தொட்டமாகளி, கலிபோரே என்று காவிரிக் கரையில் தூண்டில் முகாம்கள் இருந்தன. 1972-ல் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் இதில் முக்கியமானது. மஹசீர் என்கிற பெருங்கெண்டையைத் தேடி வெள்ளைக்காரர்கள் வருவார்கள். 1946-ல் கபினியில் ஒருத்தர் பிடித்தது 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. பின்னால் வந்தவர்கள் பிடித்து, எடை போட்டு, நோட்டில் எழுதி, விட்டார்கள். முன்னால் வெடி வைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்த ஆத்தோர மக்களில் சிலரே முகாமில் வழிகாட்டியாகவும் காவலாகவும் பரிசல் தள்ளுகிறவர்களாகவும் ஆனார்கள். சம்பளம் வந்தது. மீனும் பிழைத்தது. சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான் என்று சட்டம் பாய்ந்து 2012 வாக்கில் முகாம் தூண்டில் நின்றபோது வெள்ளைக்காரன் வேறு ஆறு தேடிப் போனான். பரிசல் தள்ளியவன் எங்கே போவான்?

இன்னொன்றும் இருக்கிறது. கலிபோரேயில் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த அந்த நோட்டை ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்துப் படித்தார்கள். மொத்த மீன் கூடியிருந்தது. ஆனால் கூடியது நீலத்துடுப்பு மஹசீர். குஞ்சு பொரித்து, நல்ல எண்ணத்தில் காவிரியில் கொண்டுவந்து விட்ட வெளியாள். காவிரிக்கே சொந்தமான கூன்முதுகு மஹசீர் குறைந்துகொண்டே போயிருந்தது. அதற்கு அறிவியல் பெயர் கூட உறுதியாகச் சொல்ல ஆளில்லை. 2018-ல்தான், 2007-ல் பாம்பாற்றில் கண்டு பெயர் வைத்த டோர் ரமாதேவி இதுதான் என்று தெரிந்தது. பாம்பாறு நம்ம போடி மலைக்கு வடக்கே, மறையூர்ப் பக்கம். இப்போது அது அழிவின் விளிம்பில் இருக்கிற பட்டியலில். உலகமே பேர் சொன்ன மீன், அது செத்துக்கொண்டிருக்கும்போதுதான் பேர் கிடைத்தது. இது எனக்குப் புதுசாகத் தெரியவில்லை.

ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பிடித்து விட்டவன் எழுதி வைக்காமல் போயிருந்தால் அது குறைவது யாருக்கும் தெரிந்திருக்காது.

தமிழ் எம்.ஏ. படித்தபோது சங்கப் பாட்டில் பாண்மகள் மீனைக் கொடுத்து நெல் வாங்குவதைப் படித்திருக்கிறேன். பாணர் தூண்டில் போட்டதைப் படித்திருக்கிறேன். மீனைத் திருப்பி விட்ட பாணனை எங்கும் பார்த்த ஞாபகம் இல்லை. பசித்தவனின் தூண்டில் வேறு. சுவிட்சர்லாந்தில் விடுவதற்கென்றே மீன் பிடிப்பது சட்டப்படி தப்பாம். தின்னப் பிடித்தால்தான் சரியாம். அப்பத்தா இருந்தால் அந்த ஊருக்கு டிக்கெட் கேட்டிருப்பாள்.

இப்போது மாசத்துக்கு ஒரு தடவை ஆத்துக்குப் போகிறேன். முள்ளின் எதிர்ச்செதிலைக் குறடால் நசுக்கிவிடுகிறேன். காய்ந்த கையால் தொட்டால் மேலே இருக்கிற வழுவழுப்பு போய் மீனுக்குச் சீக்கு வரும், அதனால் கை நனைக்கிறேன். சுடுகிற பாறையில் போடுவதில்லை. கோடையில் தண்ணி சூடாகிவிட்டால் போவதே இல்லை. களைத்த மீன் நீந்திப் போனது மாதிரித் தெரியும், மறைவில் போய்ச் செத்துவிடும். அப்படிச் செத்தால் நான் விட்டதற்கும் அப்பத்தாவைக் கொட்டச் சொன்னதற்கும் என்ன வித்தியாசம்?

ஆத்து மீனை விடுகிறேன். ஜிலேபி விழுந்தால் விடுவதில்லை. 1952-ல் வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்கிய மீன் அது. ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் விடுவதில்லை. இரண்டும் நம்ம குளத்து மீன்களைத் தின்றும் நெருக்கியும் தீர்த்தவை.

போன மாசம் நாலு ஜிலேபி கொண்டுவந்தேன். அம்மா சாம்பல் போட்டு உரசிக் கழுவினாள். கழுவிக்கொண்டே கேட்டாள்.

"பெருசு எதுவும் விழுகலையா?"

"ஒரு விரால் விழுந்துச்சும்மா. விட்டுட்டேன்."

கை நின்றது. கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எவனும் பாத்தானா?"

"யாரும் இல்ல. நானாத்தான் விட்டேன்."

"எம்புட்டு இருக்கும்?"

கையை விரித்துக் காட்டினேன். அம்மா ஈரக் கையால் என் கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் அகட்டி வைத்தாள். "விரால்னா இம்புட்டாச்சும் இருக்கும்டா" என்றாள்.