மௌனம் சம்மதம்... கேபிளுக்கும்தான்!

வாட்ஸ்அப்பில் ஒரு 'குட்மார்னிங்' தட்டினால் அது அமெரிக்கா போய்ச் சேர ஒரு செகண்டு போதும். ஆனால், அந்த 'குட்மார்னிங்' ஓடுகிற கண்ணாடி இழை, கடலூரிலிருந்து சிதம்பரம் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் தெரியுமா ஃப்ரெண்ட்ஸ்? தூரம் என்னவோ சுமார் 45 கிலோமீட்டர்தான். பஸ் பிடித்தால் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம். கேபிளுக்கு அப்படி இல்லை. அது கிளம்புவதற்கு முன்னால் பர்மிஷன் கிளம்ப வேண்டும்!

நாலு செமஸ்டர் ஈ.சி.இ. படித்தும் எனக்கு இது தெரியாது. இன்டர்ன்ஷிப்புக்காக கடலூரில் கேபிள் பதிக்கிற ஒரு சின்ன கான்ட்ராக்ட் ஆபீஸில் ஆறு வாரம் இருந்தபோதுதான் தெரிந்தது. இழையை ஒட்டுகிற ஸ்ப்ளைசிங் மெஷினைத் தொட்டுப் பார்க்கலாம் என்று ஆசையாகப் போனால், கையில் கொடுத்தது ஒரு லேப்டாப், ஒரு ஸ்கேனர், அரையடி உயரத்துக்கு ஃபைல்.

"தம்பி, குழி தோண்டறதெல்லாம் அப்புறம். 'தோண்டிக்கோ'ன்னு எழுதி வாங்கறதுதான் முதல் இன்ஜினீயரிங். உக்காந்து அப்லோட் பண்ணு" என்றார் சூப்பர்வைசர் அண்ணன். ஜோக் அடிக்கிறார் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரே ரோடு... எத்தனை ஓனர்!

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர், சிதம்பரம்... ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் ஒரே ரோடுதான். கேபிள் கண்ணால் பார்த்தால் அது பல பேர் சொத்து. கடலூர் டவுனுக்குள் மாநகராட்சி. வெளியே வந்தால் தேசிய நெடுஞ்சாலை (பழைய 45ஏ, இப்போது 32). அதிலிருந்து கிராமத்துக்குத் திரும்பினால் மாநில நெடுஞ்சாலைத் துறை, இல்லாவிட்டால் ஊராட்சி. கெடிலம், வெள்ளாறு என்று ஆறு குறுக்கிட்டால் நீர்வளத் துறை. தண்டவாளத்தைத் தாண்டணுமா? ரயில்வே. பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டுப் பக்கம் போனால் வனத்துறை. அதற்கு 'பரிவேஷ்' என்று 2018-ல் வந்த தனி இணையதளம். சிதம்பரத்துக்குள் நுழைந்தால் நகராட்சி. மின்கம்பத்தில் கட்டினால் மின்வாரியம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு விண்ணப்பம், ஒரு வரைபடம், ஒரு கட்டணம். முன்பெல்லாம் எல்லாமே பேப்பர். ஒரு அலுவலகத்தில் (பெயர் வேண்டாமே!) போட்ட ஃபைல் எந்த மேஜையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அண்ணன் மூன்று தடவை நடந்திருக்கிறார்.

எங்களிடம் ஓ.டி.டி.ஆர். என்று ஒரு கருவி உண்டு. கேபிளுக்குள் ஒளியைத் துடிப்பு துடிப்பாக அனுப்பும். அது எதிரொலித்துத் திரும்பி வரும் நேரத்தை வைத்து, எத்தனையாவது மீட்டரில் அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடும். "கேபிள் எங்க அறுந்துதுன்னு சொல்ல மெஷின் இருக்கு தம்பி. ஃபைல் எங்க நின்னுதுன்னு சொல்லத்தான் மெஷின் இல்லாம இருந்துச்சு" என்பார் அண்ணன்.

வெள்ளைக்காரன் சட்டம் முதல் வெப்சைட் வரை

அந்த மெஷின்தான் இப்போது ஆன்லைனில் வந்திருக்கிறது. கொஞ்சம் வரலாறு பார்ப்போம், போர் அடிக்காது!

கம்பி இழுக்க நம் நாட்டில் ரொம்ப காலம் ஆதாரமாக இருந்தது 1885-ம் வருடத்து இந்தியத் தந்திச் சட்டம். அதன் கீழ் 2016 நவம்பரில் 'வழியுரிமை விதிகள்' வந்தன. ஒவ்வொரு துறையும் இதற்கென ஒரு அதிகாரியை நியமிக்கணும், ஒரு வருடத்துக்குள் ஆன்லைனில் விண்ணப்பம் வாங்க ஏற்பாடு செய்யணும், 60 நாளுக்குள் முடிவு சொல்லணும், மறுத்தால் காரணத்தை எழுதித் தரணும் என்றது அது. நிர்வாகக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு வைத்தார்கள். மண்ணுக்கடியில் போகும் கேபிளுக்கு கிலோமீட்டருக்கு 1,000 ரூபாய், டவருக்கு ஒரு விண்ணப்பத்துக்கு 10,000 ரூபாய்.

இதில் பஞ்ச் டயலாக் என்ன தெரியுமா? 60 நாளில் பதிலே வராவிட்டால், அனுமதி கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். மௌனம் சம்மதம்!

2022 மே 14-ம் தேதி மத்திய அரசு 'கதிசக்தி சஞ்சார்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. மத்தியத் துறைகள், மாநிலங்கள், உள்ளாட்சிகள் என்று எல்லோருக்குமான விண்ணப்பங்களும் ஒரே வாசல் வழியாகப் போகட்டும் என்பது ஐடியா. பிறகு 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அதன்படி எழுதிய புதிய வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. கெடு தாண்டினால் சம்மதம் என்ற தத்துவம் அதிலும் தொடர்கிறது.

'நம்ம ஊர்லதான் இப்படி' என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் மத்திய அரசு நிலத்தில் கேபிளோ டவரோ வைக்க 'எஸ்.எஃப்.299' என்ற படிவத்தை நிரப்பணும். 270 நாளுக்குள் முடிவு சொல்லியாகணும் என்று அங்கே 2018-ல்தான் சட்டம் போட்டார்கள்.

தூங்காத ஃபைல்!

சரி, ஆன்லைன் ஆனதில் என்னதான் மாறியது?

முதல் லாபம், தேதி. போட்ட நாள், பார்த்த நாள், யாரிடம் நிற்கிறது... எல்லாம் ஸ்கிரீனில் தெரிகிறது. 'உங்க லெட்டரே வரலையே' என்று யாரும் சொல்ல முடியாது. பஸ் செலவு மிச்சம், ஜெராக்ஸ் செலவு மிச்சம்.

ஆனால், மனுஷன் மெஷினை விட ஸ்மார்ட்! கெடு முடிய இரண்டே நாள் இருக்கும்போது எங்கள் விண்ணப்பம் ஒன்றுக்கு ஒரு 'க்வெரி' வந்தது. 'வரைபடம் தெளிவாக இல்லை'. ஒரே வரி. அண்ணன் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "முன்னாடி ஃபைல் தூங்கும். இப்போ தூங்கறதில்லை. கண்ணைத் தொறந்துகிட்டே படுத்திருக்கு."

எனக்கும் கோபம்தான். அந்தக் கோபத்தோடு இன்னொரு அலுவலகத்துக்கு ஒரிஜினல் கையெழுத்து வாங்கப் போனேன். (ஆமாம், ஆன்லைனில் போட்ட பிறகும் சில இடங்களில் பேப்பர் கேட்கிறார்கள்.) அங்கே இருந்த இன்ஜினீயர் சாரிடம் "ஏன் சார் லேட்டாகுது?" என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"தம்பி, இந்த ரோடு போட்டு ஆறு மாசம் ஆகலை. நீங்க தோண்டுவீங்க, மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போயிடுவீங்க. மழையில உள்வாங்கினா ஜனங்க உங்களையா கேப்பாங்க? என்னைத்தான் கேப்பாங்க. குடிதண்ணிக் குழாய், தெருவிளக்கு, சாக்கடை எல்லாத்துக்கும் நான் ஒருத்தன். இதுல உங்க கம்ப்யூட்டர் வேற நாள் எண்ணிக்கிட்டிருக்கு. நேர்ல போய் இடத்தைப் பாக்காம எப்படிப்பா 'சரி'ன்னு அழுத்தறது?"

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவர் வாய் திறக்காமலே கெடு முடிந்தால் அது அந்த ஊரின் சம்மதமா, இல்லை அந்த அலுவலகத்தில் ஆள் இல்லாததன் அடையாளமா?

சாருடைய பயம் வெறும் சாக்கு அல்ல. முறையில்லாமல் தோண்டுவதால் நாட்டில் வருடத்துக்குச் சுமார் 10 லட்சம் இடங்களில் கண்ணாடி இழை கேபிள் அறுகிறது, நஷ்டம் சுமார் 3,000 கோடி ரூபாய் என்று 2023-ல் மத்திய அரசே சொன்னது. அந்த வருடம் மார்ச் 22-ம் தேதி 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற ஆப்பை வெளியிட்டார்கள். தோண்டப் போகிறவர் இடத்தைச் சொன்னால், அங்கே மண்ணுக்கடியில் குழாயோ கேபிளோ வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், நம் பழைய ஊர்களில் எந்தக் குழாய் எங்கே வளைகிறது என்பது பெரும்பாலும் ஒரு ஃபிட்டர் அண்ணன் தலைக்குள்தான் இருக்கிறது. அவர் ரிட்டயர் ஆனால் வரைபடமும் ரிட்டயர்!

புயலுக்குத் தெரியும் வித்தியாசம்

'இதெல்லாம் கம்பெனிக்காரங்க கவலை, நமக்கென்ன?' என்று கேட்கிறீர்களா? கடலூர்க்காரர் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டபோது நான் சின்னப் பையன். கம்பங்கள் சாய்ந்து கிடந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் கரை கடந்தது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பாய்ந்தது. ஆற்றங்கரைக் கிராமத்தில் என் ஆயா தனியாக இருந்தார். ஃபோன் போட்டால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே'. இரண்டு நாள். மூன்றாம் நாள் சித்தப்பா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து "நல்லா இருக்காங்க" என்று சொன்ன பிறகுதான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

கரண்ட் போனால் டவர் சாகும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் கம்பி. கம்பத்தின் மேலே போகும் கேபிள் கம்பத்தோடு சாயும். மண்ணுக்கடியில் ஆழமாகப் போவது தப்பிக்க வாய்ப்பு அதிகம். ஆனால், மண்ணுக்கடியில் போக செலவும் ஜாஸ்தி, அனுமதியும் ஜாஸ்தி. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் இணையம் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்தில் கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்கள் மேலேதான் போகிறது. சீக்கிரம் முடியும், செலவு குறையும். தப்பென்று சொல்லவில்லை. ஆனால், புயல் பாதையில் இருக்கிற கடலூர் மாதிரி மாவட்டத்தில் மேலேயா, கீழேயா என்பதை அனுமதி கிடைக்கிற சுலபம் மட்டுமே முடிவு பண்ணக் கூடாது. அந்த இரண்டு நாள் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம்.

என்னதான் பண்ணலாம்?

ஆறு வாரம் அப்லோட் பண்ணிய அனுபவத்தில் சொல்கிறேன். ஒன்று, தோண்டுகிற இடத்தில் விண்ணப்ப எண், கம்பெனி பெயர், மூடித் தரும் தேதி மூன்றும் எழுதிய போர்டு வைக்கட்டும். தெருக்காரர் அந்த எண்ணை ஃபோனில் தட்டினால் நிலவரம் தெரியட்டும். ரயிலுக்கு பி.என்.ஆர். பார்க்கவில்லையா, அதுபோல! இரண்டு, சின்ன ஊர் அலுவலகங்களுக்கு வெப்சைட்டோடு சேர்த்து ஆளும் கொடுக்கட்டும். இடத்தைப் போய்ப் பார்க்க ஒரு ஆள் இல்லாமல் கெடு மட்டும் வைத்தால், பள்ளம்தான் மிச்சம். மூன்று, அந்த ஃபிட்டர் அண்ணன்கள் ரிட்டயர் ஆவதற்குள் அவர்களோடு நடந்து, குழாய் போகும் வழியை ஜி.பி.எஸ்.ஸில் குறித்து வைக்கணும். இதற்கு எந்த மேதையும் வேண்டாம். ஃபைனல் இயர் பிராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலைகிற சிவில், ஈ.சி.இ., கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே... சிதம்பரத்தின் ஒரு வீதி, கடலூரின் ஒரு வார்டு போதும், ஆரம்பிக்கலாமா?

மௌனம் சம்மதம் என்பது பொண்ணு பார்க்கிற வீட்டில்கூட இப்போதெல்லாம் செல்லாது. 'சரி'யோ, 'முடியாது'வோ, வாயைத் திறந்து சொல்லணும். நம்ம தெருவுக்கும் அந்த மரியாதை வேணும்தானே?