வெற்றுக் கட்டமும் பூஜ்யமும்

நான் ஓய்வு பெற்றபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், நெல் விஞ்ஞானி ஒருவர் மிகுந்த பிரியத்தோடு, "எங்கள் கணக்குகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தவர்" என்று என்னைப் பற்றிச் சொன்னார், சபையும் கைதட்டிற்று. அந்த ஸ்தோத்திரத்துக்குரிய பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஏற்றுவது யாராலும் ஆகும். ஒவ்வொரு ரகத்தையும் மூன்று தொகுதிகளில் திரும்ப நட்டு (மூன்று ரெப்ளிகேஷன்) ஒப்பிடும் ஆர்.பி.டி. வயல் சோதனையில் ஒரு பிளாட்டுக்கு நேரே மகசூல் கட்டம் காலியாக இருந்தால் அதை என்ன செய்வது என்பதே என் தொழில். மூட்டையில் கட்டிய சீட்டு மழையில் அழிந்திருக்கலாம். எடை போட்டும் ஈரப்பதம் பார்க்காமல் விட்டதால், 14 சதவீதத்துக்குத் திருத்த வழியின்றி நிறுத்தி வைத்திருக்கலாம். பூஜ்யமோ, பயிரிட்டும் ஒரு மணி தேறவில்லை என்பதற்குச் சாட்சி. எக்டேருக்கு 5.2, 5.4 டன் கண்ட ஒரு கல்ச்சருக்கு (இன்னும் ரகமாக வெளிவராமல் சோதனையில் இருக்கும் நெல்லுக்கு) மூன்றாவது கட்டம் காலியென்றால் சராசரி 5.3, அங்கே பூஜ்யத்தைப் போட்டால் 3.5; நல்லதொரு கல்ச்சர் அத்தோடு குப்பைக்குப் போகும். இதற்கு நேர்மாறாக, ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ நெல் தந்த சப்1 மரபணுவை ஸ்வர்ணா ரகத்தில் புகுத்தி 2009இல் வெளியிட்ட ஸ்வர்ணா-சப்1 போன்ற வெள்ளம் தாங்கும் ரகங்களைச் சோதிக்கும் வயலில், மூழ்கி அழுகிய பக்கத்து ரகத்தின் பூஜ்யமே பிரதான சாட்சி. அதைக் காலியென்று விட்டுவிட்டால் நிரூபணமே இல்லை.

இந்த வித்தியாசத்தை எனக்குப் போதித்தவர் பேராசிரியர் அல்லர். பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட ஒரு வயல் உதவியாளர். அவருடைய ஃபீல்டு புக்கில் கடைசிக் கலம் மட்டும் மற்றவற்றைவிட அகலமாக இருக்கும். 'மாடு மேய்ந்தது', 'வரப்போரம், சேர்க்காதே', 'பாதி சாய்வு, அறுத்தது நான் இல்லை' என்றெல்லாம் பென்சிலால் எழுதுவார். ஈரம் பட்டால் மை பரவும் என்பதால் பேனாவைத் தொடமாட்டார். எந்தக் குறிப்பு எந்த எண்ணைத் தள்ளச் சொல்கிறது, எது சந்தேகத்தோடு வைத்துக்கொள்ளச் சொல்கிறது என்று அவரோடு களத்து மேட்டில் உட்கார்ந்து கேட்டுத்தான் என் தரவுத்தளத்தின் பாதி விதிகளை எழுதினேன். அந்தக் கலத்துக்கு நான் ஒதுக்கிய இடத்தைப் பார்த்து, "எண் அல்லாததும் தரவா?" என்று கேட்டவர்கள் பெரிய பட்டதாரிகள்.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் புள்ளியியலாளர் ஃபிராங்க் யேட்ஸ் 1933இலேயே, இழந்த பிளாட்டின் மதிப்பைக் கணித்து ஆய்வைத் தொடர முறை வகுத்தார். பிளாட் இழக்கப்பட்டது என்று தெரிந்தால் மட்டுமே அது பிரயோஜனப்படும். இப்போதைய டேப்லெட் படிவமோ, கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடுவதில்லை. வெயிலில் நிற்கும் பையன் 0 என்று தட்டிவிட்டு நகர்கிறான். எக்ஸெலில் வம்சாவளிக் குறியை '8-3' என்று எழுதினால் அது தேதியாகிவிடுவதையும் இந்தத் தலைமுறை சிரித்துக்கொண்டே சகிக்கிறது. விட்டுப்போனதை மெஷின் லேர்னிங் நிரப்பிக்கொள்ளும் என்கிறார்கள். அந்தப் பையன் தட்டிய பூஜ்யம் விட்டுப்போனதாக அதன் கண்ணுக்குத் தெரியாதே என்றால், பேச்சை மாற்றுகிறார்கள்.

படிவத்தில் காரணத்துக்கென ஒரு கட்டம் வேண்டுமென்று, ஓய்வுக்கு முன் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வெர்ஷனில் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது.